பட்டறைப் பக்கம்: ஹோண்டா என்கிற தாய்மாமன்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, “ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டா கம்பெனி, கையில் காசு இருந்தால் சீர்த்தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, காசு இல்லாவிட்டால் ஊரிலேயே இல்லாமல் போய்விடுகிற தாய்மாமன் மாதிரி” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டுகின்றன, மீதி மேலே கதை கேட்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க ஹோண்டாதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோவை கணபதியில் 35 வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன். போர் போடுவது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க் பிரித்துக் கோப்பதுதான் பிழைப்பு. ரேஸ் என்பது ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்த் தூசியில் நின்று பார்ப்பது. அதனால் பதில்களில் கிரீஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்., பொள்ளாச்சி
மாமன் எத்தனை தடவை வந்து, எத்தனை தடவை போனார்? ஒழுங்காகக் கணக்குச் சொல்லுங்கள்.

1964இல் வந்து 1968இல் போனார். 1983இல் வந்து 1992இல் போனார். 2000இல் வந்து 2008 டிசம்பரில் போனார். 2015இல் வந்து 2021இல் போனார். 2026 முதல் ஆஸ்டன் மார்ட்டின் அணிக்கு என்ஜின். ஆக வந்தது ஐந்து, போனது நாலு. நாலாவதைப் போனதாகக் கணக்கில் எடுப்பதா என்பதே சந்தேகம். 2021க்குப் பிறகும் ரெட் புல் கார்களில் ஓடியது ஜப்பானில் ஹோண்டா ஆட்கள் செய்த என்ஜின்தான். வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே பாயை விரித்த மாதிரி.

ஒரு தமிழாசிரியர், திருச்செங்கோடு
சைக்கிளுக்கு என்ஜின் மாட்டி விற்றவருக்குக் கார் பந்தய ஆசை எங்கிருந்து வந்தது?

ஐயா, ஆசைதான் முதலில் வந்தது. சைக்கிள் அப்புறம்.

சொய்ச்சிரோ ஹோண்டா 1906இல் ஹமாமட்சு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா கொல்லர். பையன் டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற மெக்கானிக் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்தான். அந்த முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். பழைய கர்ட்டிஸ் விமான என்ஜின் ஒன்றை அமெரிக்கக் கார் சட்டத்தில் உட்கார வைத்து ஒரு வண்டி செய்தார்கள். 1924இல் அந்த வண்டி பந்தயத்தில் ஜெயித்தது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்து சீட்டில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்த 18 வயசுப் பையன்தான் நம் ஆள். அந்த வண்டி இன்றும் ஜப்பானில் ஹோண்டா காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

1936இல் டோக்கியோ பக்கம் தமாகாவா பந்தயப் பாதை திறந்தபோது அவரே ஓட்டினார். ஃபோர்டு என்ஜின் போட்டு அவரே கட்டிய கார். வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் ஒரு கார் குறுக்கே வர, மோதித் தூக்கியெறியப்பட்டார். பக்கத்தில் இருந்த தம்பிக்கு முதுகெலும்பில் அடி. பிறகு ஓட்டுவதை விட்டார். பந்தயத்தை விடவில்லை.

போர் முடிந்து, ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர்களின் குட்டி என்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டி விற்றதெல்லாம் 1946க்குப் பிறகு. 1954இல் கம்பெனி கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான், இங்கிலாந்து பக்கத்து மான் தீவில் நடக்கும் டிடி பைக் பந்தயத்தில் கலந்து ஜெயிப்போம் என்று தொழிலாளர்களுக்கு அறிக்கை விட்டார். வீட்டில் அரிசி இல்லாதபோது பெண்ணுக்கு அமெரிக்க மாப்பிள்ளை பார்க்கிறேன் என்பது மாதிரி. விட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தால், ஐரோப்பிய பைக்குகள் இவர் பைக்குகளைப் போல மூன்று பங்கு சக்தி காட்டின. மனுஷர் அங்கிருந்து சங்கிலி, டயர், ரிம் என்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நானும் ஒரு காலத்தில் மும்பை சோர் பஜாரிலிருந்து இப்படித்தான் மூட்டை கட்டி வந்திருக்கிறேன் என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அறிக்கை விட்டு ஐந்து வருஷம் கழித்து, 1959இல்தான் போனார்கள். 125 சிசி பிரிவில் ஆறாவது இடம், அணிக்கான பரிசு. 1961இல் 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடமும் ஹோண்டா. பேச்சு 54இல், சாதித்தது 61இல். நடுவில் ஏழு வருஷம்.

ஒரு வாசகி, ஈரோடு
என் வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ரேஸ் பார்க்கிறார். இதற்கு ஏதாவது வழி உண்டா?

ஐரோப்பாவில் நடந்தால் நமக்குப் பெரும்பாலும் சாயங்காலம் ஆறரை. ஜப்பான் என்றால் காலைப் பலகார நேரம். அமெரிக்கா, மெக்சிகோ பக்கம்தான் நடுராத்திரி. வருஷத்தில் சில நாள்தான் அம்மா, விட்டுவிடுங்கள்.

எஸ்.பி., பொறியியல் மாணவர், சேலம்
1963இல்தான் ஹோண்டா முதல் காரையே விற்றது என்கிறார்கள். 1964இல் ஃபார்முலா ஒன்னுக்கு எப்படிப் போக முடிந்தது?

உண்மைதான் தம்பி. 1963 ஆகஸ்டில் ஒரு குட்டி லாரி, அக்டோபரில் எஸ்500 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அடுத்த ஆகஸ்ட் 2ஆம் தேதி ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் ஃபார்முலா ஒன். உலகத்தில் வேறு எவனும் இந்த வரிசையில் வேலை செய்திருக்க மாட்டான்.

முதலில் என்ஜின் மட்டும் கொடுப்பதாகத்தான் திட்டம். கார் கட்டும் பொறுப்பு இங்கிலாந்தின் லோட்டஸ் அணிக்கு. 1964 தொடக்கத்தில் லோட்டஸிடமிருந்து தந்தி வந்தது: உங்கள் என்ஜின் எங்களுக்கு வேண்டாம். பந்தயத்துக்குச் சில மாதம்தான் இருக்கிறது. நாமே கட்டுவோம் என்று உட்கார்ந்தார்கள்.

அந்த என்ஜினைப் பற்றி நான் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். அப்போதைய விதிப்படி மொத்தம் 1,500 சிசி. மற்ற அணிகள் பெரும்பாலும் எட்டு சிலிண்டரோடு நிறுத்திக்கொண்டிருந்தபோது ஹோண்டா 12 சிலிண்டர் போட்டது. வகுத்துப் பார், ஒரு சிலிண்டருக்கு 125 சிசி வருகிறது. அதாவது அவர்கள் மான் தீவில் ஜெயித்த பைக் பிரிவின் அளவு. ஒவ்வொன்றுக்கும் நாலு வால்வு, மொத்தம் 48. என்ஜினை நீளவாக்கில் வைக்காமல், பைக்கில் வைப்பதுபோலக் குறுக்கே வைத்தார்கள். கார் பந்தயத்துக்குக் கார் கம்பெனியாக மாறிப் போகவில்லை, பைக் கம்பெனியாகவே போனார்கள். தெரிந்த வேலையைத் தெரியாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் இந்த என்ஜினைப் பார்.

சொய்ச்சிரோ கிழவருக்குக் காரைத் தங்க நிறத்தில் அடிக்க ஆசை. அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஒரு நிறம். தங்க நிறத்தைத் தென்னாப்பிரிக்கா ஏற்கெனவே எடுத்துவிட்டது. அதனால் தந்த வெள்ளை, மேலே சிவப்பு வட்டம். ஓட்டியவர் ரோனி பக்னம் என்ற அமெரிக்கர், அதற்கு முன் ஃபார்முலா ஒன் ஓட்டியதே இல்லை. கடைசி இடத்தில் கிளம்பி, முன்னேறி, முடிய நாலு சுற்று இருக்கும்போது பாதையைவிட்டு வெளியே போனார்.

கே.வி., குன்னூர்
முதல் வெற்றி மெக்சிகோவில். அது அதிர்ஷ்டம் என்று என் நண்பர் சொல்கிறார்.

உங்கள் நண்பரை ஒரு பழைய கார்புரேட்டர் வண்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள். மலை ஏற ஏற என்ஜின் மூச்சு வாங்கும். மேலே காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் வரும், கலவை கெட்டுவிடும். மெக்சிகோ சிட்டி கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், 2,200 மீட்டருக்கு மேல். 1965 அக்டோபர் 24ஆம் தேதி எல்லா அணிக்கும் இந்தத் தலைவலி இருந்தது.

ஹோண்டா அணியின் தலைவர் யோஷியோ நகமுரா போர்க்காலத்தில் விமான என்ஜின் வேலை பார்த்தவர். மெலிந்த காற்றில் என்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் ஊட்ட வேண்டும் என்பது அவருக்குப் பழைய பாடம். கிளம்பியதிலிருந்து 65 சுற்றும் ஹோண்டா ஓட்டிய ரிச்சி கின்தர்தான் முன்னால். ஒரு சுற்றில்கூட யாரும் அவரைத் தாண்டி முன்னால் நிற்கவில்லை. பக்னம் ஐந்தாவதாக வந்தார். நகமுரா டோக்கியோவுக்கு அடித்த தந்தி, ஜூலியஸ் சீசருடைய வாசகம்: வந்தேன், கண்டேன், வென்றேன்.

இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்றால், அது 1,500 சிசி விதியின் கடைசிப் பந்தயம் என்பதில்தான். தவறவிட்டிருந்தால் அந்த அருமையான என்ஜின் ஒரு வெற்றியும் இல்லாமல் பழைய இரும்பாகியிருக்கும்.

அடுத்த வருஷம் முதல் விதி 3,000 சிசி. இவர்கள் கட்டிய கார் மகா கனம். 1967இல் ஜான் சர்டீஸ் என்ற ஓட்டுநர் வந்து, இங்கிலாந்தின் லோலா கம்பெனியின் உதவியோடு அவசரமாக ஒரு புதுக் கார் செய்தார்கள். ஜனங்கள் அதை ‘ஹோண்டோலா’ என்று கேலி செய்தார்கள். கேலிக்குள்ளான கார் இத்தாலியின் மோன்சாவில் தன் முதல் பந்தயத்திலேயே, கடைசிச் சுற்றில் மட்டும் முன்னுக்கு வந்து, 0.2 விநாடியில் ஜெயித்தது. இதை வேண்டுமானால் உங்கள் நண்பர் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளட்டும். முன்னால் போன ஜிம் கிளார்க்குக்குப் பெட்ரோல் தீராமல் இருந்திருந்தால் கதையே வேறு.

ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்
நீங்கள் ஹோண்டாவைப் புகழ்ந்தே எழுதுகிறீர்கள். 1968இல் ஒரு மனிதர் எரிந்து செத்தாரே, அதை எழுத மாட்டீர்களா?

எழுதுகிறேன்.

சொய்ச்சிரோ ஹோண்டாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் எதற்கு? தண்ணீரைக் குளிர்விப்பதும் காற்றுதானே, நேராகக் காற்றாலேயே குளிர்வித்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மொபெட்டுக்கு நியாயம்தான். 3,000 சிசி பந்தய என்ஜின் கக்குகிற சூட்டுக்கு நியாயமில்லை. நகமுராவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஜப்பானில் கிழவரின் உத்தரவில் காற்றால் குளிரும் எட்டு சிலிண்டர் கார் ஒன்று தனியாகத் தயாரானது. எடை குறைய உடம்பில் மக்னீசியம். சர்டீஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பந்தயத்துக்குத் தயாராகவில்லை, ஓட்ட மாட்டேன் என்றார்.

பிரான்சில் ரூவான் பந்தயம், ஜூலை 7. அந்தக் காருக்கு ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற பிரெஞ்சுக்காரரைப் போட்டார்கள். நாற்பது வயது. அன்று மழை. கிளம்பிச் சில நிமிடத்தில், இறக்கத்து வளைவு ஒன்றில் கார் வழுக்கிக் கரையில் மோதியது. டேங்க் முழுக்க எரிபொருள். மக்னீசியம் எரிந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்ற ஊற்ற அதிகமாகும். அவரை மீட்க முடியவில்லை. அதே பந்தயத்தில் தண்ணீரால் குளிரும் ஹோண்டாவில் சர்டீஸ் இரண்டாவதாக வந்தார் என்பது இந்தக் கதையின் கொடுமை.

தெரிந்த ஓட்டுநர் வேண்டாம் என்ற வண்டியில் இன்னொருவரை உட்கார வைத்தது தப்பு. இதற்கு நான் வேறு வார்த்தை தேடப் போவதில்லை. அந்த வருஷக் கடைசியில் ஹோண்டா பந்தயத்தைவிட்டுப் போனது.

போனதற்கு இதுமட்டும் காரணமில்லை. போன இதழில் நான் அடித்த கிண்டலில் பாதியை இங்கே வாபஸ் வாங்குகிறேன். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் கார் புகைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்துகொண்டிருந்தது. பந்தய என்ஜின் செய்த இளைஞர்களைப் புகை குறைக்கும் ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள். அங்கேயும் கிழவர் காற்றுதான் என்று நின்றார். 1969இல் காற்றால் குளிரும் சாலைக் காரே விட்டார். இளம் எஞ்சினியர்கள் கணக்கு வழக்குப் பார்க்கும் பங்காளி தக்கேயோ ஃபுஜிசாவாவிடம் போய் முறையிட்டார்கள். ஃபுஜிசாவா கிழவரிடம் ஒரே கேள்வி கேட்டார்: நீங்கள் கம்பெனித் தலைவரா, எஞ்சினியரா? தலைவர்தான் என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்கு ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு வந்ததுதான் சிவிசிசி என்ஜின். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்த விதியை, புகைக்குழாயில் தனிக் கருவி எதுவும் மாட்டாமல் முதலில் தாண்டியது அது. இதனால் பெரிய கம்பெனிகளுக்குச் சமமாக நிற்கலாம் என்று கிழவர் பெருமைப்பட, பையன்கள் முகம் சுளித்தார்களாம்: நாங்கள் கம்பெனிக்காகச் செய்யவில்லை, ஊர் நல்ல காற்றைச் சுவாசிப்பதற்காகச் செய்கிறோம். தன் காலம் முடிந்தது என்று புரிந்து 1973இல் ஃபுஜிசாவாவும் அவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

ஆர்.ஜே., நாகர்கோவில்
1988இல் மெக்லாரன்–ஹோண்டா 16 பந்தயத்தில் 15இல் ஜெயித்தது. மீதி ஒன்று எப்படிப் போச்சு?

முந்தின பதிலைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

மோன்சா, செப்டம்பர் 11. மெக்லாரனின் இரண்டு கார்களில் ப்ரோஸ்ட்டின் கார் என்ஜின் கோளாறால் நின்றுவிட்டது. ஐர்டன் சென்னா முன்னால் போகிறார், முடிய இரண்டே சுற்று. ஒரு சுற்று பின்தங்கிய வில்லியம்ஸ் காரைத் தாண்டும்போது இரண்டும் உரசி, சென்னா கார் மேட்டில் ஏறி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஃபெராரிகள் முதல் இரண்டு இடம். அந்தக் கம்பெனியின் கிழவர் என்ஸோ ஃபெராரி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இத்தாலிக்காரர்கள் அழுதே விட்டார்கள்.

அந்த வில்லியம்ஸ் காரில் வழக்கமாக ஓட்டுகிற மான்செல்லுக்கு அம்மை. அவருக்குப் பதிலாக அன்று வந்தவர் பெயர் ழான் லூயி ஷ்லெஸ்ஸர். ஆமாம், ரூவானில் ஹோண்டாவில் எரிந்துபோன ஜோ ஷ்லெஸ்ஸரின் அண்ணன் தம்பி வழி மகன். 20 வருஷம் கழித்து அந்தக் குடும்பத்து ஆள், தெரியாமல், ஹோண்டாவின் முழு நூறைக் கெடுத்தார். நான் விதி, கர்மா என்றெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று கொஞ்ச நேரம் லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றபடி அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1986 முதல் 1991 வரை அணிகளுக்கான பட்டம் தொடர்ந்து ஆறு தடவை, முதல் இரண்டு வில்லியம்ஸோடு, அடுத்த நாலு மெக்லாரனோடு. 1987 சில்வர்ஸ்டோனில் முதல் நாலு இடமும் ஹோண்டா என்ஜின், நாலாவது சத்தோரு நகஜிமா என்ற ஜப்பானியர். அவர் பெயரை நினைவில் வைத்திருங்கள், கீழே வேலை இருக்கிறது.

ஜி.எம்., மதுரை
சொய்ச்சிரோ ஹோண்டா இறந்தபோது கம்பெனி பெரிய இறுதிச் சடங்கு நடத்தவில்லையாமே? நன்றி கெட்ட செயல் இல்லையா?

அவர் சொன்னதுதான். 1991 ஆகஸ்ட் 5ஆம் தேதி காலமானார். கார் செய்கிறவன் சாவுக்கு ரோட்டில் டிராஃபிக் நின்றால் நன்றாக இருக்காது, கம்பெனிச் சடங்கு எதுவும் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். நம் ஊரில் ஊர்வலத்துக்காக மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆறு நாள் கழித்து ஹங்கேரியில் சென்னா கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டி ஜெயித்தார்.

அடுத்த வருஷம் ஜப்பான் பொருளாதாரம் சரிந்து, இரண்டாம் முறை கடை சாத்தினார்கள். சாத்தியவர் அப்போதைய தலைவர் நொபுஹிக்கோ கவமோட்டோ. 60களில் பந்தய என்ஜின் வரைந்த பையன்களில் ஒருவர் அவர். சொந்தக் கையால் சாத்த வேண்டியிருந்தது.

டி.ஏ., கணக்காளர், திருப்பூர்
ஒரு பவுனுக்கு அணியை விற்றார்கள் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

பிழையில்லை. தங்கப் பவுன் இல்லை, இங்கிலாந்து நாணயம் ஒன்று. நம் ஊர்க் கணக்குக்கு அப்போது எழுபது எண்பது ரூபாய்.

மூன்றாவது வரவில் என்ஜின் மட்டும் போதாது என்று ஒரு முழு அணியையே வாங்கி, 2006 முதல் ஹோண்டா பெயரிலேயே ஓட்டினார்கள். ஹங்கேரியில் மழையில் ஜென்சன் பட்டன் என்ற ஓட்டுநர் பதினாலாவதாகக் கிளம்பி ஜெயித்தார், அவ்வளவுதான், அந்த ஒன்றுதான். 2007இல் விளம்பரமே இல்லாமல் பூமி உருண்டைப் படத்தைக் காரில் ஒட்டினார்கள். கார் நன்றாக ஓடியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பிறகு ராஸ் ப்ரானைத் தலைவராகக் கொண்டுவந்து, 2008 வண்டியைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, 2009 விதிக்கான காரில் மொத்தப் பணத்தையும் உழைப்பையும் கொட்டினார்கள். அந்த டிசம்பரில் உலகமே பணமுடையில். ஹோண்டா விலகியது. ப்ரானுக்கு ஒரு பவுனுக்கு அணி, கூடவே அந்த வருஷச் செலவுக்குப் பணமும்.

2009 மார்ச், மெல்போர்ன். அந்தக் கார் வேறு பெயரில், மெர்சிடிஸ் என்ஜினோடு, முதல் இரண்டு இடம். முதல் ஏழு பந்தயத்தில் ஆறு பட்டனுக்கு. ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் அவர்களுக்கே. வருஷக் கடைசியில் மெர்சிடிஸ் அணியை வாங்கி, 2014 முதல் தொடர்ந்து எட்டு வருஷம் அணிகளுக்கான பட்டம் எடுத்தது. உழுது, விதைத்து, களையும் எடுத்துவிட்டு, அறுப்புக்கு முந்தின வாரம் வயலை எழுதிக் கொடுத்த கதை. இந்த ஒரு தடவைக்கு என் தாய்மாமன் கிண்டல் அப்படியே நிற்கிறது. வாபஸ் இல்லை.

வி.எல்., கல்லூரி மாணவி, திருநெல்வேலி
2015இல் அலோன்சோ ரேடியோவில் ஹோண்டா என்ஜினைத் திட்டினாரே, அப்படிப்பட்ட என்ஜின் ஆறே வருஷத்தில் எப்படிப் பட்டம் ஜெயித்தது?

திட்டிய இடம்தான் வலித்திருக்கும். ஹோண்டாவே 1962இல் கட்டிய சுசுகா பாதை, எதிரே ஹோண்டா தொழிலாளர்கள், அதில் “ஜிபி2 என்ஜின்” என்று கத்தினார். கீழ் வகுப்புப் பந்தய என்ஜின் என்று பொருள்.

காரைக் குறுக்க வேண்டும் என்பதற்காக என்ஜினையும் அளவுக்கு மீறி ஒடுக்கிக் கட்டியது முதல் தப்பு. அதைவிடப் பெரிய தலைவலி, டர்போவும் ஒரு மின் மோட்டாரும் ஒரே தண்டில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் அமைப்பு. நீளத் தண்டு, லேசாக நடுங்கினாலும் பேரிங் போய்விடும். கடைசியில் கம்பெனிக்குள்ளேயே வேறு கட்டடத்தில் பதில் இருந்தது: ஹோண்டா ஜெட் விமான என்ஜின் செய்கிற ஆட்கள். வேகமாகச் சுற்றும் தண்டு அவர்களுக்குத் தினப்படி வேலை. அவர்கள் கைவைத்ததும் நடுக்கம் நின்றது. அலோன்சோ ஓட்டிய மெக்லாரன் அணி அதற்குள் பொறுமை இழந்து போய்விட்டது, பலன் ரெட் புல்லுக்கு. 2019இல் ஆஸ்திரியாவில் வெர்ஸ்டாப்பன் ஜெயித்து, மேடையில் நின்று சட்டையிலிருந்த ஹோண்டா முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். 2021இல் அவருக்கு ஓட்டுநர் பட்டம், சென்னாவுக்குப் பிறகு 30 வருஷம் கழித்து.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் வாசகி, கரூர்
இவ்வளவு கோடி செலவழித்து ரேஸ் ஓட்டியதில் என் ஸ்கூட்டருக்கு என்ன லாபம்?

உங்கள் ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தால் பந்தயக் காரின் நட்டு போல்ட்டு ஒன்றும் இருக்காது. விளம்பரத்தில் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். பந்தயத்திலிருந்து திரும்பி வந்தது ஆட்கள். சட்டென்று முடிவெடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து, தப்பானால் காலையில் முகத்தைக் காட்டத் தெரிந்த ஆட்கள். 60களில் பந்தய என்ஜின் செய்த தடாஷி குமே 1983இல் கம்பெனித் தலைவர். அவருக்கு அடுத்தவர் நான் மேலே சொன்ன கவமோட்டோ.

இரிமஜிரி என்று இன்னொருவர். இளவயதில் அவர் வரைந்த என்ஜினில் பந்தயத்தின்போது பிஸ்டன் கருகிவிட்டது. கிழவர் கூப்பிட்டு, அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து, இதைச் செய்யப் பாடுபட்ட ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேள் என்று அனுப்பினார். பட்டறை பட்டறையாகப் போய்த் தலைகுனிந்து கேட்டார். பிற்பாடு அமெரிக்காவில் ஹோண்டா தொழிற்சாலைக்கே தலைவரானார். என் பட்டறையிலும் இதை ஒரு தடவை செய்து பார்த்தேன். பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

என்.எஸ்., பீளமேடு
நம்ம நரேன் கார்த்திகேயனுக்கும் ஹோண்டாவுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

உண்டுங்க. பலருக்கும் தெரியாது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் அவர் ஓட்டிய ஜோர்டான் காரில் இருந்தது டொயோட்டா என்ஜின். பிறகு ஜப்பானுக்கே போய்ப் பல வருஷம் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபூஜி பாதையில் ஜப்பான் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மன் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் ஒரு நாள் ஜெயித்தவர் நம் கோவைக்காரர்தான். கார் ஹோண்டா என்எஸ்எக்ஸ். அணி, மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த நகஜிமாவுடையது. பி.எம்.டபிள்யூ., ஆடி எல்லாம் பின்னால். நம் ஊரில் அதற்கு ஒரு பேனர்கூடக் கட்டவில்லை.

ஏழாம் வகுப்பு மாணவன், அவினாசி
தாத்தா, உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஹோண்டா ரேஸ் கார் எது?

மெக்சிகோவில் ஜெயித்த வெள்ளைக் கார்தான் கண்ணு. அதன் பெயர் ஆர்ஏ272. பட்டறையில் லேத்துக்கு மேலே அதன் படத்தை ஒட்டியிருந்தேன், எண்ணெய்க் கறை பட்டுப் பட்டுச் சிவப்பு வட்டம் மட்டும்தான் மிச்சம். அது ஓடி நான் நேரில் கேட்டதில்லை. போன வருஷம் மகன் செல்போனில் அதன் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். 12 சிலிண்டரும் ஒன்றாக அலறுகிறது, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து பேத்தி எட்டிப் பார்த்து, “ஏன் தாத்தா, மிக்ஸி ஓடுதா?” என்றாள்.